கழற்ற வராத வீல் நட்: கேள்வி-பதில்

இந்த முறை பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்களின் கடிதங்கள். எல்லாமே வீல் நட் சங்கதிதான்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3. வழியில் பஞ்சர். வண்டியோடு வந்த ஸ்பேனர் மூன்று நட்டில் ஒழுங்காக ஏறியது, இரண்டில் ஏறவே இல்லை. டயர் கடைக்காரர், ‘யாரோ அளவு மாறிய நட்டைப் போட்டிருக்கிறார்கள்’ என்கிறார். நான் எதையும் மாற்றவில்லை. என்ன நடந்தது?

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. நட்டை யாரும் மாற்றவில்லை, அதுவே வீங்கிவிட்டது.

உங்கள் வண்டிக்கு வந்த நட் ஒரே துண்டு இல்லை. உள்ளே சாதாரண எஃகு நட். அதன் மேல் பளபளப்புக்காக மெல்லிய தகட்டுத் தொப்பி. இரண்டுக்கும் நடுவில் சேற்றுத் தண்ணீர் இறங்கும். உள்ளே இருக்கும் எஃகு துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். தகடு வெளிப்பக்கம் உப்பும். 22 மில்லிமீட்டர் நட் அரை மில்லிமீட்டர் உப்பினால் போதும், 22 சாக்கெட் ஏறாது. அவசரத்துக்கு யாராவது 23 சாக்கெட்டை மாட்டித் திருகுவார்கள். தகடு உள்நட்டின் மேல் வழுக்கிச் சுழலும், முனைகள் மழுங்கும். அப்புறம் எந்த சாக்கெட்டும் பிடிக்காது.

இதில் எனக்கு ஆற்றாத கோபம் உண்டு. சக்கர நட்டுக்கு இருப்பது இரண்டே வேலை: இறுகி நிற்பது, தேவைப்படும்போது கழன்று வருவது. காட்டிலும் மேட்டிலும் ஓடவென்றே செய்த வண்டியில், பார்வைக்காக இரண்டாவது வேலையைப் பறிகொடுத்திருக்கிறார்கள். டிஸ்கவரி மட்டுமல்ல, வேறு கம்பெனிகளின் வண்டிகளிலும் இதே தொப்பி நட் உண்டு. ஷோரூமில் மினுக்கியது கம்பெனிக்கு லாபம். இருட்டில் ரோட்டோரம் நின்று தவிப்பது வாங்கியவர். ‘ஒரிஜினல் பார்ட்’ என்று சொல்லி இதையே திரும்பவும் விற்பார்கள். வீங்கியதும் அந்த ஒரிஜினல்தான், அதனால் அந்தப் பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

கடையில் நட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். தகடு மடிந்து முடியும் இடத்தில் மெல்லிய விளிம்புக்கோடு தெரிந்தால் அது தொப்பி நட், வைத்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு வேண்டியது முழு எஃகில் ஒரே துண்டாகச் செய்தது: எம்14 மரை (14 மில்லிமீட்டர் விட்டம்), 1.5 பிட்ச் (மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி), 22 மில்லிமீட்டர் தலை. சக்கரத்துக்கு ஐந்து வீதம் இருபதையும் மாற்றுங்கள். இன்று நன்றாக இருக்கும் நட்டுக்குள்ளும் தண்ணீர் இறங்கத்தான் போகிறது.

வீங்கியதைக் கழற்ற, உளியால் தொப்பியைக் கிழித்து எடுத்துவிட்டு, உள்நட்டின் அளவுக்கு ஆறுமூலை சாக்கெட்டை இறுக்கமாகத் தட்டி ஏற்றுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் வேண்டாம், மிச்சமிருக்கும் முனையையும் அது தின்றுவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே முதல் இளக்கு; ஜாக்கி அதற்குப் பிறகுதான்.

கேள்வி: நட் துருவேறி இறுகிவிட்டது. சக்கரம் வண்டியில் இருக்கும்போதே கேஸ் டார்ச்சால் சூடு காட்டலாமா?

பதில்: கூடாது, டயர் வெடிக்கும்.

கேள்வி: பழைய வில்லிஸ் ஜீப் வாங்கினேன். வலப்பக்கச் சக்கரங்கள் சுலபமாகக் கழன்றன. இடப்பக்கம் ஸ்பேனரில் குழாய் மாட்டி இரண்டு பேர் ஏறி நின்றும் அசையவில்லை. கடைசியில் ஒரு ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி) ஒடிந்துவிட்டது. விற்றவரைக் கேட்டால், ‘உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்’ என்கிறார்.

பதில்: தெரிந்திருக்க நியாயமில்லை. விற்றவர் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கால ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கமாக இறுக்கும் திசையில், அதாவது கடிகார முள் போகிற பக்கம், சுற்றினால்தான் கழலும். நீங்கள் இவ்வளவு பாடுபட்டு இறுக்கியிருக்கிறீர்கள், அதனால்தான் ஒடிந்தது.

ஸ்டட்டின் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். இடது மரை ஸ்டட்டில் ‘எல்’ எழுத்து அடித்திருப்பது வழக்கம். ஆனால் பல கை மாறிய வண்டி. இடையில் யாராவது சாதாரண மரைக்கு மாற்றியிருக்கவும் கூடும். ஒவ்வொரு ஸ்டட்டாக மரை சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டே ஸ்பேனர் போடுங்கள். ஒடிந்ததற்குப் பதில் புது ஸ்டட் வாங்கும்போதும் எந்த மரை என்று சொல்லிக் கேளுங்கள். குழாய் மாட்டி இழுத்த மற்ற ஸ்டட்டுகளையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மரை நீண்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: பழைய லேண்ட் குரூசரில் அலாய் வீலை எடுத்துவிட்டு, செகண்ட் ஹேண்ட் ஸ்டீல் வீல் போட்டேன். நட் பழையதுதான், அதே ஸ்டட்டில் அதே மரை. கொஞ்ச தூரம் ஓடினாலே இளகுகிறது, ஸ்டீயரிங்கும் ஆடுகிறது. மரைக்குப் பசை போட்டால் நிற்கும் என்கிறார் நண்பர். இப்போதைக்கு மெதுவாக ஓட்டுகிறேன்.

பதில்: மெதுவாகக்கூட ஓட்டாதீர்கள். நட்டு இளகுகிறது என்று உங்களுக்கே தெரிந்த பிறகும் எப்படிச் சாவியைத் திருப்புகிறீர்கள்? சக்கரம் கழன்று போனால் எதிரே வருகிறவர் என்ன செய்வார்?

மரை பொருந்தினால் மட்டும் போதாது. நட் ரிம்மில் உட்காரும் இடமும் பொருந்த வேண்டும். டொயோட்டாவின் அந்தக் கால அலாய் வீல் நட்டுக்குத் தட்டையான வாஷரும், துளைக்குள் இறங்கும் நீண்ட கழுத்தும் இருக்கும். ஸ்டீல் வீலின் துளையோ சரிவாக இருக்கும், அதற்குக் கூம்பு முனை நட் வேண்டும். தட்டை வாஷர் அந்தச் சரிவில் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பசை இதற்கு மருந்தல்ல. கூம்பு நட் வாங்குங்கள். அதற்கு முன் ரிம்மின் துளைகளைப் பாருங்கள். எதுவும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ரிம் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: முந்தைய சொந்தக்காரர் லாக் நட் (திருட்டுக்குப் பயந்து போடும், தனிச் சாவியால் மட்டும் கழலும் நட்) போட்டிருக்கிறார், அதன் சாவியைத் தரவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை.

பதில்: பணத்தை வாங்கிக்கொண்டு போனை எடுக்காதவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. ஸ்டெப்னிக்குள், ஜாக்கிப் பையில், கிளவ் பாக்ஸில் தேடுங்கள். சாவி இல்லாவிட்டாலும் எண் எழுதிய அட்டை கிடைத்தால் அதை வைத்து மாற்றுச் சாவி வாங்க வழியுண்டு. இரண்டும் இல்லையென்றால், எதிர்ச்சுருள் பல் உள்ள ரிமூவர் சாக்கெட்டைத் தட்டி ஏற்றிக் கழற்றலாம். நட் வீணாகும், ரிம் பிழைக்கும்.

மறுபடி லாக் நட் வாங்காதீர்கள். நானும் ஒரு செட் வாங்கினேன். முதல் தடவை இறுக்கும்போதே சாவியின் பல் நசுங்கிவிட்டது. பெட்டி பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது?

கேள்வி: மரைக்கு கிரீஸ் தடவலாமா?

பதில்: கம்பெனி கையேடு தடவச் சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம். உலர்ந்த மரைக்குக் கொடுத்த டார்க் (இறுக்கும் திருகு விசை) அளவை கிரீஸ் போட்ட மரையில் வைத்தால், அதே அளவிலேயே ஸ்டட் கூடுதலாக இழுபடும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ரிம் ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) ஒட்டிக்கொள்ளும் தொல்லை இருந்தால், ஹப்பின் நடு விளிம்பில் மட்டும் லேசாக ஒரு பூச்சு.

கேள்வி: டயர் கடையில் ஏர் கன்னால் அடித்து இறுக்கியதை வீட்டில் என்னால் கழற்ற முடியவில்லை. புகார் செய்தால் ‘இறுக்கமாக இருப்பது நல்லதுதானே’ என்கிறார்கள்.

பதில்: நல்லதில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டட் நீளும், பிரேக் டிஸ்க் நெளியவும் செய்யும். அடுத்த முறை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: முதலில் நட்டைக் கையால் சில சுற்று ஏற்ற வேண்டும், பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக, குறுக்கே இறுக்க வேண்டும், கடைசி இறுக்கு டார்க் ரெஞ்சில், கையேட்டில் உள்ள அளவுக்கு. பக்கத்தில் நின்று பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நீங்களே ஒருமுறை ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாத கடை என்றால் ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.