மாட்ரிட்ல மூணு நாள் வேஸ்ட்டா? பேசாம பார்சிலோனா போயிடலாமா?

பார்சிலோனா போங்க, வேணாம்னு சொல்லல. ஆனா "மாட்ரிட்ல பீச்சும் இல்ல, பாக்கவும் ஒண்ணும் இல்ல"ன்னு உங்க ஃப்ரெண்ட்ஸ் சொன்னதா எழுதியிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சதும் மனசு கேக்கல, உக்காந்துட்டேன். ஆர்ட், ஷாப்பிங், நைட்லைஃப் மூணும் வேணும்னு நீங்களேதான் சொல்றீங்க, அப்புறம் எதுக்கு அந்த ஊர விடணும்? மொத தடவ யூரோப் போறீங்க, கைல காசும் அளவாத்தான் இருக்கும்னு வெச்சுக்கிட்டு சொல்றேன்.

நான் மொதல்ல போனது பேக்கேஜ் டூர்ல. பிராடோ மியூசியம் வாசல்ல பஸ்ஸ நிறுத்தி, இருபது நிமிஷம், போட்டோ எடுத்துக்கோங்கன்னாங்க. உள்ள போகலாமான்னு கேட்டதுக்கு "உள்ள வெறும் படம்தாம்மா"ன்னு சொல்லிட்டு ஃபுட்பால் ஸ்டேடியம் காட்டக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த வார்த்த ரெண்டு வருஷம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் காசு சேத்து நானும் என் தங்கச்சியும் தனியாப் போனோம்.

போன அன்னிக்கு சாயங்காலமே ரெய்னா சோஃபியா மியூசியம். குவெர்னிகா முன்னாடி நின்னதும் எனக்குப் பேச்சே வரல. 1937ல ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நடந்தப்ப, குவெர்னிகாங்கற சின்ன ஊர, பின்னாடி சர்வாதிகாரியான ஃப்ராங்கோ பக்கம் நின்ன ஜெர்மன், இத்தாலி விமானங்க குண்டு போட்டு அழிச்சதுக்கு பிக்காஸோ வரஞ்ச படம், அகலம் மட்டும் கிட்டத்தட்ட எட்டு மீட்டர், கறுப்பு வெள்ள சாம்பல் தவிர வேற கலரே கெடையாது. ஸ்பெயின்ல ஜனநாயகம் வராம அங்க போகக்கூடாதுன்னு அவர் சொன்னதால நியூயார்க்ல இருந்துட்டு 1981லதான் மாட்ரிட் வந்துச்சு. கீழ விழுந்து கெடக்குற வீரன் கைல ஒடஞ்ச வாள், அந்தக் கைகிட்டயே லேசான கோட்டுல ஒரு சின்னப் பூ. அந்தப் பூவ நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. தங்கச்சிதான் கையப் புடிச்சுக் காட்டுனா.

இந்தப் படத்த எனக்கு மொதல்ல காட்டுனது ஒன்பதாவதுல எங்க டிராயிங் சார், ஏதோ மேகஸின்ல கிழிச்ச ஒரு பக்கம். வாரத்துக்கு ஒரே ஒரு டிராயிங் பீரியட், பத்தாவது வந்ததும் அதயும் மேக்ஸுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க, அவ்ளோ நல்லா வரையிற மனுஷன் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து ரேங்க் கார்டுக்கு ஸ்கேல் வெச்சு கோடு போட்டுக்கிட்டு இருந்தார். மேக்ஸ் வேணாம்னு சொல்லல, நானும் அதுல நல்ல மார்க்தான். ஆனா அந்த நாப்பது நிமிஷத்த எடுத்தது தப்பு, இன்னிக்கும் எனக்கு ஆறல. கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு.

பிராடோவுக்கு அர நாளாவது ஒதுக்குங்க. எல்லாரும் வெலாஸ்கெஸ்ங்கற ஓவியர் வரஞ்ச லாஸ் மெனினாஸ் படம் முன்னாடி கூடுவாங்க, நீங்களும் பாருங்க, ஆனா கோயான்னு இன்னொரு ஓவியர் கடைசி காலத்துல தன் வீட்டு சுவத்துல வரஞ்ச கறுப்பு ஓவியங்கள விட்றாதீங்க. அதுல ஒரு நாய், தல மட்டும்தான் தெரியும், மேல பூரா வெறும் மஞ்சப் பழுப்பு, அது எதையோ அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கும். நான் அங்கயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் சாயங்காலம் 6 டு 8, ஞாயிறு 5 டு 7 ஃப்ரீ, காசு குடுக்க வேணாம். க்யூ பெருசா இருக்கும், அதனால ஒரு தடவ காசு குடுத்துப் பாத்துட்டு இன்னொரு தடவ ஃப்ரீயாப் போங்க.

ஷாப்பிங்னா கிரான் வியாங்கற பெரிய கடைத்தெரு போதும், ஆனா ஞாயித்துக்கிழம காலைல எல் ராஸ்ட்ரோ சந்தை, அதுக்காகவே ஒரு ஞாயிறு வர்ற மாதிரி டிக்கெட் போடுங்க. பேக முன்னாடி மாட்டிக்கோங்க, பிக்பாக்கெட் உண்டு. பெரிய கடைல எது வாங்குனாலும் பாஸ்போர்ட் காட்டி டாக்ஸ் ரீஃபண்ட் ஃபார்ம் கேளுங்க, இவ்ளோ ரூபாய்க்கு மேல வாங்குனாத்தான்னு அங்க ரூல் இல்ல. ஏர்போர்ட்ல லக்கேஜ் போடறதுக்கு முன்னாடி அந்த ஃபார்ம அங்க இருக்கற மெஷின்ல ஸ்கேன் பண்ணிடணும்.

நைட்லைஃப்னு சொன்னதும் குடின்னு நெனச்சு யாராவது சண்டைக்கு வருவாங்க. நாங்க குடிக்கல. மொத நாள் ஏழு மணிக்கு சாப்பிடப் போனா கிச்சனே தொறக்கல, அந்த ஊர்ல ராத்திரி சாப்பாடே ஒன்பதுக்கு மேலதான். ரெண்டாவது நாள் மத்தியானம் நல்லாத் தூங்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு பிளாசா சாண்டா அனாங்கற சதுக்கம் பக்கம் போனோம், தாத்தா பாட்டி, பிராம்ல கொழந்தைங்கன்னு ஊரே வெளில உக்காந்திருக்கு. ரெண்டு பொண்ணுங்க தனியாவான்னு வீட்ல அவ்ளோ பேச்சு கேட்டுட்டுப் போனோம், யாரும் எங்கள ஒரு பார்வ கூட பாக்கல. கிளப் போறதுன்னா ஒரு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி காலியா இருக்கும். மெட்ரோ ராத்திரி ஒன்றரையோட நின்னுடும், அதுக்கப்புறம் சிபெலஸ் சதுக்கத்துல இருந்து நைட் பஸ், ஆந்தைன்னு அர்த்தம் வர்ற பேர் வெச்சிருக்காங்க அதுக்கு. அப்படியே சான் ஹினெஸ்ங்கற கடைல சுர்ரோவ, அதாவது எண்ணெய்ல பொரிச்ச நீள மாவுப் பலகாரத்த, கெட்டியான சாக்லேட்ல முக்கி சாப்பிட்டுட்டு ரூமுக்குப் போங்க.

செவ்வாய்க்கிழம ரெய்னா சோஃபியா லீவு. அன்னிக்கு பிராடோவ வெச்சுக்கோங்க.