கம்பெனி நஷ்டம் என்றால் போனஸ் கிடையாதா?

கேள்வி: கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஒன்பது வருடமாக மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 16,000. மொத்தம் 140 பேர். "நஷ்டம், இந்த வருடம் போனஸ் இல்லை" என்று சொல்லி, எங்களுக்குச் சம்மதம் என்று தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இதே வருடம் எம்.டி.க்கு கம்பெனி பணத்தில் வெளிநாட்டுக் கார், டைரக்டர்களுக்குக் குடும்பத்தோடு ஐரோப்பா பயணம். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போட்டதை நினைத்துப் பயப்பட வேண்டாம். போனஸ் உரிமையை விட்டுத்தருவதாக எழுதி வாங்கிய தாள் சட்டப்படி செல்லாது.

நஷ்டம் என்ற பேச்சும் இங்கே எடுபடாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், வருடத்தில் 30 நாளாவது வேலை பார்த்தவருக்கு சம்பளத்தில் 8.33 சதவீதம் கட்டாய போனஸ், லாபம் வந்தாலும் வராவிட்டாலும். 1965-ம் வருட போனஸ் சட்டம் அதைத்தான் சொன்னது, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. புதிய கம்பெனிகளுக்கு முதல் ஐந்து வருடம் சலுகை உண்டு, ஆனால் நீங்களே அங்கே ஒன்பது வருடம் இருக்கிறீர்களே. உங்கள் சம்பளம் 1965 சட்டத்தின் 21,000 ரூபாய் மாத வரம்புக்குள் வருகிறது. அந்தச் சட்டப்படி 7,000 ரூபாய், அல்லது உங்கள் வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அதை வைத்துக் கணக்கிடுவார்கள். 7,000 என்றே வைத்தாலும் வருடத்துக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய் வரும். மார்ச்சில் கணக்கு முடியும் கம்பெனி நவம்பர் 30-க்குள் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, அந்தக் கார்? உங்கள் கோபம் நியாயமானது, எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் டைரக்டர்களின் சம்பளத்துக்கு நிகர லாபத்தில் 11 சதவீதம் என்று கம்பெனிச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு பப்ளிக் கம்பெனிகளுக்குத்தான், பிரைவேட் லிமிடெட்டுக்கு இல்லை. அதனால் காரை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்காது. 8.33-க்கு மேல், 20 சதவீதம் வரை கேட்கும்போதுதான் அது உதவும், ஏனென்றால் அந்தக் கூடுதல் பங்கு லாபத்தைப் பொறுத்தது. அப்படி ஒரு தகராறு விசாரணைக்குப் போனால், கணக்கில் உள்ள எந்தச் செலவுக்கும் விளக்கம் கேட்டு மனுப் போட யூனியனுக்கோ தொழிலாளர்களுக்கோ உரிமை இருக்கிறது. ஐரோப்பா பயணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். கம்பெனியின் ஆண்டுக் கணக்கை கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், அதை முதலில் எடுத்து வையுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேரும் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம், பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு. மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். போனஸ் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது, உங்களுடையது அல்ல. சம்பள ரசீது, வங்கிப் பாஸ்புக், பி.எஃப். விவரம் மூன்றையும் இப்போதே நகல் எடுத்துவிடுங்கள்.