டெல்லி பல்கலைக்கழக மாணவர் குழுவின் நரம்பியல் பன்மைக் கையேடு குறித்து

வணக்கம். டெல்லி பல்கலைக்கழகத்தில் நீங்கள் வழிநடத்தும் மாணவர் குழு ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்), ஏடிஎச்டி (கவனக் குறைவு, மிகை இயக்கம்) ஆகிய நரம்பியல் பன்மை நிலைகள், அதாவது மூளை இயங்கும் விதத்தில் உள்ள வேறுபாடுகள், பற்றித் தமிழில் தயாரித்த 40 பக்க பிடிஎஃப் கையேட்டை, யாருக்காக எழுதினீர்களோ அவர்களாலேயே படித்து முடிக்க இயலவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். வடிவமைப்பை மாற்றுவதற்கு முன், உள்ளடக்கத்தை யார் தீர்மானித்தார்கள் என்று பாருங்கள். முடிந்த பிரதியைக் கொடுத்துக் கருத்துக் கேட்பது போதாது; எந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும் என்று முடிவுசெய்யும் முதல் கூட்டத்திலேயே இந்நிலைகள் உள்ள மாணவர்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும், தம் நிலையை வெளியே சொல்லும் கட்டாயமும் அவர்களுக்கு இருக்கக் கூடாது.

அடுத்தது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கிலக் குறிகளாகவே இருப்பதால், திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருள்கள் அதைப் பொருளற்ற ஒலிகளாகவே படிக்கும். டிஸ்லெக்சியா உள்ள பலர் காதால் கேட்டே படிக்கிறார்கள் என்பதால், அனைத்தையும் தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி, முறையான உட்தலைப்புகளுடன் இணையப் பக்கமாக வெளியிடுங்கள். பிடிஎஃப் துணைக்கு இருக்கட்டும். பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் பரிந்துரைக்கும் 1.5 வரி இடைவெளி தமிழுக்கும் நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட அட்டவணையில் ஆட்டிசமும் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. ஏடிஎச்டி அவ்வாறு இடம்பெறவில்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு அலையும் மாணவர் முதலில் அறிய வேண்டியது இதுவே என்பதால், இதை முன்பக்கத்திலேயே எழுதி, பல்கலைக்கழகத்தின் சம வாய்ப்புப் பிரிவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.