லினக்ஸ்ல ரீபூட் பண்ணா சாம்பா ஷேர் (நெட்வொர்க்ல பகிர்ற ஃபோல்டர்) வரல, கையால ஸ்டார்ட் பண்ணா ஓடுது, ஏன்?

கையால ஸ்டார்ட் பண்ணா ஓடுதுன்னா கான்ஃபிக்ல பெருசா தப்பு இருக்காது, பெரும்பாலும் நேரம்தான் பிரச்சனை. பூட் ஆகும்போது நெட்வொர்க் கார்டுக்கு டிஹெச்சிபில (தானா ஐபி முகவரி குடுக்குற முறை) ஐபி வர்றதுக்கு முன்னாடியே சாம்பாவோட சர்வீஸான எஸ்எம்பிடி ஸ்டார்ட் ஆயிடுது, அதுலயும் சாம்பா கான்ஃபிக் ஃபைலான எஸ்எம்பி.கான்ஃப்ல பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி (சொன்ன நெட்வொர்க் கார்டுகள்ல மட்டும் இயங்குன்னு சொல்றது) ஆன்ல இருந்தா, பைண்ட் பண்ண ஐபியே இல்லாம சர்வீஸ் விழுந்துடலாம். மொதல்ல ஜர்னல்சிடிஎல்ல (சிஸ்டம் லாக் பாக்குற கமாண்ட்) இந்த பூட்டோட எஸ்எம்பிடி லாக பாருங்க, அங்கேயே தெரிஞ்சிடும்.

அப்புறம் சிஸ்டம்சிடிஎல் கேட் போட்டு எஸ்எம்பிடியோட யூனிட் ஃபைல (சர்வீஸ எப்போ, எப்படி ஸ்டார்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) பாருங்க. நெட்வொர்க்.டார்கெட் (டார்கெட்னா பூட்ல ஒரு கட்டம்) இருக்கே போதாதான்னு நிறைய பேர் கேக்குறாங்க, போதாது, அது ஐபி வந்துடுச்சுன்னு உத்தரவாதம் தராது, நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்தான் வேணும். சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு யூனிட் பகுதில ஆஃப்டர், வான்ட்ஸ் ரெண்டுலயும் அத சேருங்க, ஆஃப்டர் மட்டும் போட்டா வரிசைய சொல்லுமே தவிர அந்த டார்கெட்ட கூப்பிடாது. இதெல்லாம் ஏற்கனவே இருந்தும் வரலன்னா நெட்வொர்க் வர்ற வரைக்கும் காத்திருக்கிற நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் சர்வீஸ் டிசேபிள் ஆகியிருக்கான்னு பாருங்க, பூட் வேகமாகணும்னு பலர் அத ஆஃப் பண்ணிடுறாங்க. நெட்வொர்க்மேனேஜருக்கு பதிலா நெட்வொர்க்டி யூஸ் பண்றவங்களுக்கு அதுக்குன்னு தனி வெயிட்-ஆன்லைன் சர்வீஸ் இருக்கு.

தயவுசெஞ்சு ஆர்சி.லோக்கல்ல (பூட்ல ஓடுற ஸ்கிரிப்ட்) ஸ்லீப் 30-ன்னு 30 செகண்ட் காத்திருக்க மட்டும் வைக்காதீங்க, ஐபி லேட்டா வர்ற அன்னிக்கு அதுவும் கைவிட்டுடும்.