மவுண்டன் பைக்கை முதன்முதலில் தயாரித்து விற்ற நிறுவனம் எது? ஸ்பெஷலைஸ்டு என்று படித்தேன், அது சரியா?

சரியன்று, ஆயினும் முழுத் தவறு என்றும் தள்ளிவிட முடியாது. நீங்கள் வினாடி வினாவுக்காகவோ கல்லூரிக் கட்டுரைக்காகவோ கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படியானால் உங்களுக்கு வேண்டிய விடை சில வரிகளில் அடங்கிவிடும். பழைய சட்டகத்தை (ஃபிரேமை) ஒட்டுப்போட்டுச் சமாளிக்காமல், மலைப்பாதைக்கென்றே முழுக்கப் புதிதாகக் கட்டப்பட்ட வண்டிகளுள் முன்னோடியாக எண்ணப்படுவது 1977இல் ஜோ பிரீஸ் கட்டிய ‘பிரீசர்’. அவ்வகை வண்டியை மட்டுமே விற்பது என்று தொடங்கப்பட்ட முதல் நிறுவனம், 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘மவுண்டன்பைக்ஸ்’. அதற்குச் சட்டகம் கட்டித் தந்தவர் டாம் ரிச்சி. ஸ்பெஷலைஸ்டின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ 1981இல்தான் வந்தது. தொழிற்சாலையில் பெருமளவில் உற்பத்தியான முதல் மவுண்டன் பைக் என்ற பெருமை அதற்குரியது.

தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதற்கு வேறு காரணம் இருக்கிறது. என் தந்தை உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கோட்டம் எடுப்பதையும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் குண்டு மாற்றுவதையும் பார்த்தே வளர்ந்தவன் நான். பின்னாளில் சான் ஹோசேயில் கணினி வேலையில் இருந்தபோது, 2016இல் என்னிடம் வந்து தங்கியிருந்த அவரை, சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்திலுள்ள ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மிதிவண்டிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் திறக்கப்பட்டிருந்தது. கோல்டன் கேட் பாலத்தை வேடிக்கை பார்க்க வந்தவரைச் சைக்கிள் பார்க்க இழுத்துப் போகிறாயே என்று என் மனைவி கடிந்துகொண்டாள். அவர் பாலத்தை ஐந்து நிமிடமும் சைக்கிள்களை மூன்று மணி நேரமும் பார்த்தார்.

அங்கே அவரை முதலில் நிறுத்தியது கனத்த பலூன் டயர் போட்ட ஒரு பழைய ஷ்வின் வண்டி. 1930களிலும் 40களிலும் அமெரிக்கச் சிறுவர்கள் செய்தித்தாள் போட்டுக்கொண்டு திரிந்த வண்டி அது. மரினின் இளைஞர்கள் 1970களில் இவற்றைப் பழைய பொருள் கிடங்குகளிலிருந்து சில டாலர்களுக்கு வாங்கி, மட்கார்டையும் கேரியரையும் கழற்றி எறிந்துவிட்டு, டமால்பாயஸ் மலைச் சரிவுகளில் இறங்கினார்கள். இந்த வண்டிகளுக்கு ‘கிளங்கர்’ என்று பெயர். ஓட்டை வண்டி என்று நாம் சொல்வது போன்ற செல்லப்பெயர். அதில் முன் பிரேக் கிடையாது, பின் சக்கரத்தில் பிரேக் கம்பியும் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக் ஒன்றுதான். என் தந்தை குனிந்து அந்த ஹப்பை வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இதுல மலையிறங்குனா கிரீஸ் உருகிப் போயிருமே?” என்று கேட்டார். எனக்கு மெய்சிலிர்த்தது. ஏனென்றால் இந்த வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஃபேர்ஃபாக்ஸுக்கு அருகில் காஸ்கேட் கானியன் என்னும் இடத்தில் தீயணைப்பு வண்டிகள் செல்வதற்காக வெட்டப்பட்ட மண்பாதை ஒன்று உண்டு. சுமார் இரண்டு மைல் தொலைவுக்குள் 1,300 அடி இறக்கம். அதில் ஒரு முறை இறங்கினால் ஹப்பிலிருக்கும் கிரீஸ் முழுவதும் சூட்டில் ஆவியாகிப் புகையாக வெளியேறிவிடும். ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி இறங்க முடியும். மறுபடி அடைப்பது என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற சொல்லே அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் நடந்தது. நடத்தியவர்களுள் ஒருவரான சார்லி கெல்லி, ராக் இசைக்குழு ஒன்றின் கருவிகளைத் தூக்கி வைக்கும் வேலையில் இருந்தவர். கேரி ஃபிஷர் சாலைப் பந்தய வீரர். தலைமுடி நீளமாக இருக்கிறது என்பதற்காக 1968இல் பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டவர். ரீபேக்கில் அவர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதுதான் அந்தப் பாதையின் சாதனை நேரம். ஜோ பிரீஸ் அவரைவிட இரண்டே விநாடி பின்தங்கியவர்.

இந்த விவரங்களைக் கதைச் சுவைக்காக நான் சொல்லவில்லை. ஒரு வண்டி ஏன் இன்ன வடிவத்தில் உருவாயிற்று என்பதற்கு விடை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. கிரீஸ் எரிந்ததால் டிரம் பிரேக் போட்டார்கள். பிறகு ரிம்மைக் கவ்வும் கான்டிலீவர் பிரேக்கும், அதை இழுக்க மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரும் வந்தன. இறங்கிய மலையில் மறுபடி ஏறியாக வேண்டும் என்பதால் கியர் வந்தது. குப்பர்ட்டினோவிலிருந்து வந்த சிலர் 1974 டிசம்பரில் மில்வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்கு ஏற்கெனவே கியர் பொருத்திய பலூன் டயர் வண்டிகளைக் கொண்டுவந்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லையெனில் அதைச் சுட்டிக்காட்டுவதற்கென்றே யாரேனும் வருவார்கள். 1953இலேயே ஜான் ஃபின்லி ஸ்காட் இத்தகைய வண்டி ஒன்றைத் தமக்காக அமைத்துக்கொண்டார் என்பதையும் அறிவேன். ஆனால் கேள்வி தயாரித்து விற்ற நிறுவனத்தைப் பற்றியது; தனக்கென்று ஒன்று செய்துகொண்டவரைப் பற்றியது அன்று.

எல்லாவற்றையும் மாற்றியபின் எஞ்சியது சட்டகம். நாற்பது ஆண்டுப் பழைய சட்டகங்கள் மலையில் முறிந்தன. பழைய பொருள் கிடங்குகளில் கிடைத்தவையும் தீர்ந்துகொண்டே வந்தன. கெல்லி முதலில் கிரெய்க் மிட்செல் என்பவரிடம் ஒரு சட்டகம் கட்டச் சொன்னார். அது மனத்துக்கு நிறைவாக அமையவில்லை. அடுத்து ஜோ பிரீஸிடம் கேட்டார். பிரீஸ் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில், எல்லாம் புதிய உறுப்புகளைப் பூட்டி, 1977இல் தொடங்கி 1978க்குள் பத்து வண்டிகளை முடித்தார். ஒன்றின் எடை ஏறத்தாழ 38 பவுண்டு, விலை 750 டாலர். அவற்றுள் முதலாவது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தோடு அவர் நிறுத்திக்கொண்டதால், வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கொடுக்க வண்டி இல்லாமற்போயிற்று.

அந்த இடைவெளியில் நுழைந்தவர்தான் டாம் ரிச்சி. சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, பதின்ம வயதிலேயே பந்தய மிதிவண்டிச் சட்டகங்களைக் கட்டிப் பெயர் பெற்றவர். பிரீஸின் வண்டியை 1979இல் அவர் கண்டார். ஃபிஷரும் தமக்கு ஒன்று கட்டித்தரக் கேட்டார். கேட்டதை முடித்த கையோடு ரிச்சி மேலும் ஒன்பது சட்டகங்களைக் கட்டிவிட்டார். அவருடைய ஊர்ப்பக்கம் அவற்றை வாங்க ஆளில்லை. விற்றுத்தர முடியுமா என்று ஃபிஷரைக் கேட்டார். ஃபிஷர் கெல்லியைச் சேர்த்துக்கொண்டார். இருவர் கையிலும் இருந்த சில நூறு டாலரை முதலாகப் போட்டு ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, அதற்கு ‘மவுண்டன்பைக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். உலகெங்கும் இன்று பொதுப்பெயராகிவிட்ட சொல் இப்படித்தான் ஒரு நிறுவனத்தின் பெயராக இருந்தது. விற்காமல் கிடந்த ஒன்பது சட்டகங்களிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

அருங்காட்சியகத்தில் என் தந்தையை இரண்டாவதாக நிறுத்தியது ரிச்சியின் கைவேலை. வழக்கமான மிதிவண்டியில் இரண்டு குழாய்கள் சேருமிடத்தில் ‘லக்’ என்னும் உறை இருக்கும். குழாயை அதற்குள் செருகித்தான் பற்றவைப்பார்கள். மலைவண்டிக்குத் தடித்த குழாயும் வேறு கோணங்களும் தேவைப்பட்டன. அவற்றுக்கேற்ற லக் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே ரிச்சி உறையே இல்லாமல் குழாயோடு குழாயைச் சேர்த்து, இணைப்பின் மேல் பித்தளையை உருக்கி வழித்து, பிறகு அரத்தால் ராவி, குழாயிலிருந்தே குழாய் கிளைத்தது போல வழவழப்பாக்கினார். கைப்பிடியையும் அதைத் தாங்கும் தண்டையும் ஒரே முக்கோணமாகச் சேர்த்து ஒற்றைத் துண்டாகக் கட்டியதும் அவரே. கேஸ் வெல்டிங் கைவந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். என் தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, “கட்டினவரு பேரு போட்டிருக்குதா?” என்று கேட்டார். போட்டிருந்தது. நிறுவனம் ஃபிஷருடையதும் கெல்லியுடையதும் ஆனாலும் சட்டகத்தில் ரிச்சியின் பெயர் இருந்தது.

அவர் அப்படிக் கேட்டதன் பின்னணியை நான் சொல்லியாக வேண்டும். 1988 வாக்கில், எங்கள் பக்கத்துப் பால்காரர்களுக்காக அவர் ஒரு பளுவண்டியை வடிவமைத்தார். பின்சக்கரத்தின் அச்சிலிருந்து மேல்கம்பி வரைக்கும் கூடுதலாக ஒரு குழாயைப் பற்றவைத்து, இருபுறமும் இரண்டு கேன் தொங்கினாலும் சட்டகம் கோணாதபடி செய்தது அவருடைய யோசனை. மாதத்துக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து கட்டுவார். அடுத்த ஊர் மொத்த வியாபாரி ஒருவர் இரண்டு வண்டிகளை ஆள் வைத்து வாங்கிக்கொண்டு போனார். ஆறே மாதத்தில் அதே குழாய், அதே கோணம், தம்முடைய ஸ்டிக்கர், முக்கால் விலை என்று சந்தைக்கு வந்துவிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வியாபாரியின் கடை வழியாகப் பள்ளிக்குப் போக மறுத்து, சுற்றுவழியில் ஓராண்டு நடந்தவன் நான்.

எனவே மவுண்டன்பைக்ஸ் நிறுவனத்தின் அடுத்த அத்தியாயத்தை என்னால் நடுநிலையோடு சொல்ல இயலாது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். வண்டி ஒன்று ஏறத்தாழ 1,300 டாலருக்கு விற்றது. அந்நாளில் அந்தப் பணத்துக்கு ஒரு பழைய காரே வாங்கலாம். ஆயினும் முதலாண்டில் சுமார் 160 வண்டிகள் போயின. ரிச்சி அனுப்பும் சட்டகங்களுக்கு ஃபிஷரும் கெல்லியும் சான் அன்செல்மோவில் ஒரு வாடகை கராஜில் உறுப்புகளைப் பூட்டினார்கள். பிரான்சின் கிராங்க், ஜப்பானின் கியர் என்று எங்கெங்கோ தேடிச் சேர்த்த உறுப்புகள் அவை. மலைவண்டிக்கென்று ஷிமானோ என்னும் ஜப்பானிய நிறுவனம் உறுப்புகளின் தனித்தொகுதியை வெளியிட்டது 1982இல்தான். மவுண்டன்பைக்ஸ் என்ற பெயரைத் தமக்கே உரியதாகப் பதிவு செய்ய அவர்கள் எடுத்த முயற்சி கைகூடவில்லை.

இதற்கிடையில் ஸ்பெஷலைஸ்டின் உரிமையாளர் மைக் சின்யார்ட் ரிச்சி கட்டிய வண்டிகளுள் நான்கை வாங்கினார். 1974இல் தம் வேனை 1,500 டாலருக்கு விற்று ஐரோப்பா சென்று, இத்தாலிய உறுப்புகளை இறக்குமதி செய்து தொழில் தொடங்கியவர் அவர். டிம் நீனன் என்பவரைக் கொண்டு வடிவமைத்து, ஜப்பானில் கட்டுவித்து, 1981இல் ஸ்டம்ப்ஜம்பரை வெளியிட்டார். விலை 750 டாலர்.

நான்கு வண்டி, பிறகு ஒரு தொழிற்சாலை, ஏறத்தாழப் பாதி விலை. அருங்காட்சியகத்தில் இதைத் தந்தைக்கு விளக்கும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. இதைத் திருட்டு என்று நான் எங்கும் எழுதவில்லை. அவ்வண்டியில் காப்புரிமை பெற்ற எதையும் யாரும் எடுத்துவிடவில்லை, பிரீஸின் வண்டியைப் பார்த்துத்தானே ரிச்சியும் தொடங்கினார் என்று கேட்டால் என்னிடம் மறுமொழி இல்லை. ஸ்பெஷலைஸ்டு வண்டி வைத்திருப்பவர்கள் என்மீது சினம்கொள்ளவும் வேண்டாம். என் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கிறது. முதல் என்ற சொல்லை விளம்பரம் யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

என் தந்தை என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அவரு வருசத்துக்கு எத்தன கட்டுனாரு?” என்றார். சுமார் நூற்றறுபது என்றேன். “கேட்டவங்க எத்தன பேரு?” என்றார். ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் பால்காரர்களுள் பாதிப்பேர் வண்டி கேட்டு ஆறு மாதம் காத்திருந்துவிட்டுத்தான் அந்த வியாபாரியிடம் போனார்கள் என்பதை அன்று மாலை காரில் வரும்போதுதான் முதன்முறையாக எனக்குச் சொன்னார். இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் சுமந்துகொண்டிருந்த கோபத்தை அவர் எப்போதோ இறக்கி வைத்திருந்தார். எனக்கு அது இன்னும் முழுவதுமாக இறங்கவில்லை என்பதை இந்தப் பதிலின் நீளமே காட்டும்.

நிறுவனத்தின் எஞ்சிய கதை சிறியது. 1983இல் கூட்டு கலைந்தது. கெல்லி விலகினார், 1980இல் தொடங்கிய ‘ஃபேட் டயர் ஃப்ளையர்’ என்ற இதழை மேலும் சில ஆண்டுகள் நடத்தினார். ரிச்சி தம் பெயரிலேயே தனியாகத் தொழிலைத் தொடர்ந்தார். ஃபிஷர் மவுண்டன்பைக்ஸின் தொழிலைத் தம் பெயரில் நடத்தினார். அது 1993இல் டிரெக் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. மவுண்டன் பைக் என்றதும் பலருக்குக் கேரி ஃபிஷரின் பெயர் மட்டுமே நினைவுக்கு வருவதற்கு, அந்தப் பெயர் வண்டிகளின் மேல் நெடுங்காலம் நீடித்ததும் ஒரு காரணம்.

அன்று ஊர் திரும்புமுன் ரீபேக் பாதையின் அடிவாரத்துக்கும் போனோம். இளைஞன் ஒருவன் அப்போதுதான் இறங்கி வந்து, டிஸ்க் பிரேக் போட்ட வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். என் தந்தை என் மூலம் அவனிடம் அனுமதி கேட்டுவிட்டு, பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, டிஸ்க்குக்கு ஓர் அங்குல தூரத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார். பிறகு விரலால் ஹப்பைத் தொட்டார். “இது சுடவே இல்ல கண்ணு” என்று வியப்போடு என்னைப் பார்த்தார்.