கேளுங்கள், சொல்கிறேன்: மேய்ச்சல் காட்டுக் காளான்

கேள்வி: எங்கள் கொறங்காட்டில் நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாளில் வெள்ளையாகக் காளான் கிளம்பிவிடும். மாமியார் இருந்தவரை அவரே பார்த்துப் பறித்து வருவார், நாங்கள் குழம்பு வைப்போம். இப்போது அடையாளம் சொல்ல ஆள் இல்லை. எது சாப்பிடுகிற காளான், எது விஷம் என்று எப்படித் தெரிந்துகொள்வது அம்மா?
— காங்கேயம் பகுதி வாசகி

பதில்: கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாக இருக்கும் கொறங்காடு அடிக்கடி உழவு படாத மண். அதனால்தான் அங்கே கறையான் கூடு கலையாமல் இருக்கிறது. உங்கள் மாமியார் பறித்தது அநேகமாகப் புற்றுக் காளானாகத்தான் இருக்கும். கறையான் இல்லாமல் அது வராது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விஷக் காளான்களை எல்லாம் படித்து முடித்து, மிச்சம் இருப்பதைச் சாப்பிடலாம் என்று இறங்காதீர்கள். புற்றுக் காளான் ஒன்றை மட்டும் குடை முதல் அடி வரை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு அடையாளம் பொருந்தவில்லை என்றாலும் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

காட்டுக்குப் போகும்போது களைக்கொத்து ஒன்று எடுத்துப் போங்கள். காளானைக் கையால் பிடுங்கினால் முக்கியமான அடையாளம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். தண்டைச் சுற்றி மண்ணை மெதுவாக விலக்கிக்கொண்டே போங்கள். புற்றுக் காளானின் தண்டு மேல் மண்ணிலேயே முடியாது. வேர் மாதிரி ஒடுங்கி, கெட்டியாக, ஒரு சாண், சில சமயம் அதற்கும் மேல், கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பொறுமையாகத் தோண்டினால் கடைசியில் கறையான் கட்டிய பழுப்பு நிறக் கூட்டில் போய் நிற்கும். அந்தக் கூடு ஸ்பாஞ்சு போலத் துளைதுளையாக இருக்கும். இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த அடையாளத்துக்குப் போக வேண்டும்.

குடையின் உச்சியைத் தடவிப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு முனை, மற்ற இடத்தைவிடக் கெட்டியாக, பெரும்பாலும் நிறம் சற்று இருண்டு இருக்கும். இறுகிய மண்ணைத் துளைத்து மேலே வருவது அந்த முனைதான். பிறகு குடையைத் திருப்புங்கள். அடியில் இருக்கும் மடிப்புகள் வெள்ளையாக, வயதானால் லேசான இளஞ்சிவப்பாக, தண்டைத் தொடாமல் சற்று விலகி நிற்க வேண்டும்.

இனி உங்கள் காட்டில் நீங்கள் உண்மையாகவே பயப்பட வேண்டிய காளான். ஆங்கிலப் புத்தகங்களில் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற பெயரில் வரும். இதுவும் மழைக்குப் பிறகு, இதே புல்வெளியில், சில சமயம் வட்டமாக வளையம் கட்டி முளைக்கும். பெரிய வெள்ளைக் குடை, உச்சியில் பழுப்பு நிறப் பொருக்கு, அது உடைந்து சுற்றிலும் செதில் செதிலாக ஒட்டியிருக்கும். தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம் உண்டு. பார்க்க அழகாக, சதைப்பற்றோடு இருக்கும், வாசனையும் நன்றாகவே இருக்கும். ஆள் ஏமாறுவது அதனால்தான். முற்றியதும் மடிப்புகள் மங்கிய பச்சையாக மாறும். ஆனால் இளசாக இருக்கும்போது அவையும் சுத்த வெள்ளைதான். “பச்சை இல்லையே, சாப்பிடலாம்” என்று இளங்காளானைப் பறித்தவர்கள்தான் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். தோண்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும். இதற்கு நீண்ட வேர் கிடையாது. தண்டு மேல் மண்ணிலேயே சற்றுப் பருத்து முடிந்துவிடும்.

சந்தேகம் தீர வித்துத் தூளைப் பாருங்கள். ஒரு தாளில் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். நன்றாக விரிந்த காளானின் தண்டை நறுக்கிவிட்டு, குடையை மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நிறத்திலும் படுமாறு வைத்து, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள். மறுநாள் காலையில் தாளில் தூள் படிந்திருக்கும். பச்சை விழுந்தால் அந்த இடத்தில் பறித்த மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். புற்றுக் காளானுக்கு மங்கிய இளஞ்சிவப்பு விழும். சுத்த வெள்ளை விழுந்து, தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறையும் இருந்தால் அது அமானிட்டா வகை, கல்லீரலையே அழிக்கக்கூடியவை அதில் உண்டு. அந்த வகையில் பல மரவேரோடு சேர்ந்து வளர்பவை என்பதால் மலையிலும் காட்டோரத்திலும் அதிகம் கவனம் வேண்டும்.

இளஞ்சிவப்பு வித்து உள்ள விஷக் காளான்களும் இருக்கின்றன. அதனால் வேர், முனை, தண்டைத் தொடாத மடிப்பு, வித்தின் நிறம் எல்லாம் ஒருசேர இருந்தால்தான் அது அடுப்புக்குப் போகலாம். சுண்டு விரல் நகம் அளவில் நூற்றுக்கணக்கில் கிளம்புகிற ஒரு சின்ன வகை உண்டு, அதுவும் கறையானோடு வருவதுதான். ஆனால் அதற்கு நீண்ட வேர் இருக்காது, நான் சொன்ன சோதனை அதற்குப் பொருந்தாது. அந்த வகையைத் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்று காட்டும்வரை தொட வேண்டாம். உங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் வயதான பெண்கள் யாராவது இருந்தால் ஒரு மழைக்கு அவர்களோடு போய் வாருங்கள். நான் எழுதுவதைவிட அது நூறு மடங்கு உதவும்.

கேள்வி: மாடு மேய்ந்த காளான், பூச்சி அரித்த காளான் நல்லது என்கிறார்களே? பூண்டு போட்டுக் கொதிக்கவைத்தால் விஷமென்றால் கறுத்துவிடுமாமே?
— ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: ஒன்றுகூட உண்மை இல்லை. பூண்டு, வெள்ளிக்காசு, அரிசி எதுவும் காளான் விஷத்தைக் காட்டாது. மனிதரைக் கொல்லும் அமானிட்டாவை நத்தையும் புழுவும் சுகமாகத் தின்று உயிரோடு இருக்கும். அதன் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். தயவுசெய்து இந்த நம்பிக்கைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள்.

கேள்வி: சாணத்தின் மேல் முளைப்பது?
— தாராபுரம் வாசகர்

பதில்: வேண்டாம். அதில் சிலவற்றின் தண்டை நசுக்கினால் நீலம் பாரிக்கும். அவற்றில் இருப்பது சிலோசைபின், புத்தியைப் பேதலிக்கச் செய்யும், போதைப்பொருள் சட்டத்திலும் வரும்.

கேள்வி: புற்றுக் காளான் விதை வாங்கி வீட்டில் வளர்க்க முடியுமா?
— பல்லடம் வாசகி

பதில்: முடியாது. கறையான்கள் மென்று வந்த காய்ந்த புல்லையும் சருகையும் கொண்டு கூடு கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன. அதில் வரும் வெள்ளை முண்டுகள் அவற்றுக்குச் சாப்பாடு. மழையில் அதே பூஞ்சை காளானாக மேலே வருகிறது. இந்த இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று 1942-இல் பெயர் வைத்தவர் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர். நம் பக்கத்து வகை ஒன்றை 1979-இல் விவரித்த பூஞ்சை ஆய்வாளர் நடராஜன் அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார். கறையானை விட்டுவிட்டுக் கொட்டகையில் விளைவிக்க வழி இல்லை. காளான் சாப்பிட ஆசை என்றால் பால் காளான் வளர்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகம் நம் வெயிலுக்கு அருமையாக வரும்.

கேள்வி: சாப்பிட்டபின் வாந்தி வந்தால் முதலில் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டில் எதையும் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். சாப்பிட்டது எத்தனை மணிக்கு, வாந்தி தொடங்கியது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பச்சை வித்துக் காளான் என்றால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுக்கும். குழந்தைகளுக்கு நீர் வற்றிப்போய் ஆபத்தாகும். ஆறு மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள் தொடங்கினால் இன்னும் மோசம், கல்லீரலைத் தாக்கும் விஷமாக இருக்கலாம். அதில் இரண்டாம் நாள் வாந்தி நின்று ஆள் தெளிந்தது போலத் தெரியும். அதை நம்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரும், வாந்தி வராதவர்களும், சேர்ந்து போக வேண்டும். மிச்சக் குழம்பையும் நறுக்கிப் போட்ட காளான் துண்டுகளையும் கொண்டு போங்கள். சமைக்காத காளானைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றிக்கொள்ளுங்கள்.