ஆய்விலிருந்து விலகலாமா?

கேள்வி: 62 வயதான என் தாயார், இனிப்புநீர் நோய்க்கான புதிய மருந்து ஆய்வில் சேர்ந்து நான்கு மாதங்களாகின்றன. ஒப்புதல் படிவம் மலாயில் இருந்ததால், படிக்காமலேயே கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டுவிட்டார். அடிக்கடி இரத்தம் எடுப்பதைத் தாங்க முடியவில்லை என்கிறார். விலகினால் டாக்டர் கோபித்துக்கொண்டு வழக்கமான சிகிச்சையையும் நிறுத்திவிடுவாரோ என அஞ்சுகிறார்.
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தாராளமாக விலகலாம், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறைகளாக உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கி பிரகடனமே இந்த உரிமையைத் தந்திருக்கிறது. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைப்பது முறையாகாது.

ஆனால், மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், நோயாளி உட்கொள்வது உண்மையான மருந்தா, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையா என்பது அவருக்கும் தெரியாது, சிகிச்சை தரும் டாக்டருக்கும் தெரியாது. ஆகவே, முதலில் ஆய்வு டாக்டரிடம் தெரிவித்து, எஞ்சிய மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்து, இறுதிப் பரிசோதனையை முடித்துக்கொண்டு, இனி எந்த மருந்தை எந்த அளவில் உட்கொள்வது என்று கேட்டறிந்த பின் விலகுவதே பாதுகாப்பானது. அதுவரை சேகரித்த விவரங்களை ஆய்வாளர்கள் வைத்துக்கொள்ளக்கூடும். படிவத்தில் அது குறிப்பிடப்பட்டிருக்கும்.

அந்தப் படிவத்தின் நகல் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். புரியாத மொழியில் கையெழுத்து வாங்கியது அவர்களுடைய பிழை, உங்கள் தாயாருடையது அன்று. படிவத்தில், ஆய்வில் சேர்ந்தவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும், அங்கே முறையிடலாம். இரத்தம் எடுப்பது மட்டுமே சிரமமென்றால், அதையும் டாக்டரிடம் மனம்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.